கடலை குடித்த தண்ணீர்

சிலோனிலிருந்து கப்பலேறி வந்த எனக்கு, குன்னூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் பிள்ளைக்காம்பராச் சமையல் வேலை கிடைத்தது. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனபின் குழந்தைகளை வைத்துப் பார்க்கிற கொட்டகை அது. வேலை நிரந்தரமானால்தான் எனக்குத் தொழிலாளர்களின் லயத்து வரிசையில் ஒரு வீடு. அதுவரை தற்காலிகம் என்பார் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் ரைட்டர். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைக்கு நூறு கிராம் வெந்த கொண்டைக்கடலை கொடுக்கவேண்டும் என்பது உத்தரவு. சமையல்கட்டில் தராசு கிடையாது. நான் கொண்டுவந்த பால் பேணி, அதாவது பால் டின், ஒன்றுதான் அளவு. அதில் காய்ந்த கடலையை நிறைத்தால் எடை கூடுதல், வெந்ததை நிறைத்தால் குறைவு. வெந்தது பருத்து, இடைவெளி விட்டு உட்கார்ந்துகொள்கிறது. அதனால் வெந்த கடலையையே பேணியில் கொண்டுபோய்க் கடைவீதித் தராசில் நிறுத்திப் பார்த்தேன். இருநூறு கிராமும் கொஞ்சமும் இருந்தது. பேணிக்கு இரண்டு பிள்ளை என்று வைத்துக்கொண்டேன்.

அப்படியும் புகார் வந்தது. கொழுந்து பறிக்கிற ஒருத்தி, தன் பிள்ளை பசியோடு வீடு வருகிறது, சிலோன்காரி கடலையை ஒதுக்குகிறாள் என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டாள். அதற்குமுன் அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஒரு மணி கடலைகூட வாயில் போட்டதில்லை. ஆனால் வந்து சில மாதமான என் பேச்சை யார் நம்புவார்கள்?

மறுநாள் மத்தியானம், கொட்டுகிற மழையில், கொழுந்து நிறுக்கும் தராசோடு ரைட்டர் வந்துவிட்டார். கணக்கு சரியில்லையென்றால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பால் கொடுக்க வந்த அம்மாக்கள் தலையில் சாக்கோடு சுற்றி நின்றார்கள். புகார் சொன்னவள் முன்னால் நின்றாள்.

கடலைச் சட்டியைத் துணியில் முடிந்து கொக்கியில் மாட்டினார். சட்டியின் எடை போக நாலு கிலோவுக்குச் சற்று மேலே நின்றது முள். பிள்ளைகள் நாற்பது. அப்பாடா என்று மூச்சு விடப்போனேன்.

"ஈரத்துக்கு ஒரு கிலோ கழி" என்றார் ரைட்டர், தனக்குத்தானே சொல்வதுபோல. மழை நாளில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர் கழித்துத்தான் எடை போடுவார்கள். அந்தப் பழக்கம் கடலைக்கும் வந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, பத்துப் பிள்ளைகளின் பங்கு எங்கே என்று கேட்டார்.

தண்ணீரை ஒட்ட வடித்துத்தான் வைத்திருக்கிறேன் ஐயா என்றேன். வெந்தது உள்ளே குடித்திருக்குமே, அது தண்ணீர் இல்லையா என்றார். இனி எந்த லயத்து வாசலில் போய் நிற்பது என்றுதான் நினைப்பு ஓடியது.

புகார் சொன்னவள் தலைச் சாக்கைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"ஏனுங்க, கடல குடிச்ச தண்ணியும் எம்புள்ள வகுத்துக்குத்தானுங்க போகுது. அத எதுக்குங்க கழிக்கறீங்க?"

ரைட்டர் அவளைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். நாலு கிலோ என்று எழுதிக்கொண்டு, சட்டியை இறக்கச் சொன்னார். நாளைக்கு வா என்று என்னிடம் சொல்லும்போதும் முகம் கடுகடுவென்றே இருந்தது.

சாயங்காலம் அதே தராசில் கொழுந்து நிறுத்தார்கள். ஈரத்துக்கு வழக்கம்போலக் கழித்தார்கள், அவள் கொழுந்துக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே. அவள் வாயே திறக்கவில்லை. வெறும் சாக்கை உதறிக்கொண்டு பிள்ளையைத் தூக்க வந்தாள்.

"புள்ள தின்னானுங்களா?" என்று என்னிடமே கேட்டாள்.

தின்றான் என்று தலையாட்டினேன்.