கொங்கணி அடுக்கில் கிடைத்த அர்ஜென்டினாப் பாடகி

சங்கத்து நண்பர்களே, இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போதுகூடச் சந்தோஷம் அடங்கவில்லை.

இன்று மாலை மாஹிம் ரெக்கார்டுக் கடையில் அந்த அர்ஜென்டினாப் பாடகியின் மூன்றாவது எல்.பி. கிடைத்தது. முதல் இரண்டும் என்னிடம் உண்டு. இதற்காக இரண்டு வருஷமாக அலைந்தேன்.

எனக்கு முன்னால் நம் காரியதரிசி கடைக்காரரிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். போன வருஷம் சங்கத்து ஞாயிறு இசை நேரத்தில் நான் போட்ட அவள் தட்டைப் பாதியில் நிறுத்தி, "என்ன ஓய் இது, கூச்சல்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாரே, அதே மனிதர்தான்.

கடைக்காரர் ஆங்கிலத் தட்டுகளைப் புரட்டிவிட்டு, "நஹி ஹை, சாப்" என்று இல்லையெனக் கையை விரித்தார்.

நான் கொங்கணி அடுக்கில் தேடினேன். ஸ்பானிஷ் எழுத்தைக் கண்டால் அவர் கோவாப் பாட்டு என்று நினைத்து அங்கேதான் செருகுவார். இருந்தது, ஒரே பிரதி.

காரியதரிசி என் தோளைத் தொட்டார். "ஓய், கேட்டுட்டு ஒரு வாரம் எனக்குத் தாரும். ஆத்துல மட்டும் போட்டுக்கறேன்."

"ஆத்துல எதுக்கு? சங்கத்துலயே போடுவோம். அனுமதின்னு எழுதிக் கொடும்."

அவர் விறுவிறுவென்று வெளியே போய் பஸ் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வருகிறேன். அவள் பாடலாமா, கூடாதா என்று கீழே எழுதுங்கள். முதல் வரியைக் காரியதரிசிக்காக விட்டிருக்கிறேன்.