நான் சேர்த்த கடைசி வரி

ஒரு பெண்ணின் கையை நசுக்கியவன் நான். அம்மிக் குழவியைத் தூக்கியவன் வேறொருவன்… ஆனால் நசுக்கியவன் நானேதான்!

நீங்கள் என்னை நல்லவன் என்று எண்ணியிருப்பீர்கள். மாத்தளையில் தமிழ் கற்பித்தவன், ஆண்டுதோறும் சிறுகதை மலர் வெளியிட்டவன், எவருக்கும் தீங்கு நினையாத யாழ்ப்பாணத்து வாத்தியார் என்று. பசுத்தோல் போர்த்திய புலி என்பார்கள். புலிக்காவது வீரம் உண்டு.

அறுபதுகளின் தொடக்கம் அது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தான் சின்னையா. தன் மனைவி செல்வமணி எழுதிய கதையை அவனே பஸ்ஸில் கொண்டுவந்தான். என் மேசைக்கு எதிரே நின்று உரக்க வாசித்தும் காட்டினான்.

கதை இவ்வளவுதான். ஒருத்தி இடக்கையால் மிளகாய் அரைக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏன் என்று கேட்கிறார்கள். பழகிவிட்டது என்கிறாள். வாசலில் கணவனின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்து போகிறார்கள். ஒருத்தி மட்டும், போகிற போக்கில், அவளுடைய வலக்கையை முந்தானையால் மூடிவிட்டுப் போகிறாள்.

"மொளகா அரைக்கிறதையெல்லாம் கதையா எழுதியிருக்கா, பாருங்க மாஸ்டர்!" என்று விழுந்து விழுந்து சிரித்தான் சின்னையா. "அவ பேரப் பெருசா போட்டுடுங்க."

எனக்கோ மனம் ஆறவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டாளே, வாசகனுக்கு எப்படிப் புரியும்? என்ன அகந்தை! அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அச்சுக்குக் கொடுக்குமுன் முடிவில் ஒரு வரி சேர்த்தேன். 'அந்த வலக்கையை முறித்தவன் அவள் கணவனே. குடித்த நாளெல்லாம் அவன் அவளை அடித்தான்.'

மலர் வெளிவந்த வாரமே சின்னையா வந்தான். தோட்டத்தில் எவனோ அந்த வரியை அவன் முகத்துக்கு நேரே வாசித்திருக்கிறான். உள்ளே வந்தவன் கதவைச் சாத்தினான். என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். என் கால்கள் தரையைத் தேடின.

"நான் படிச்சப்போ இந்த வரி இல்லியே மாஸ்டர். யாரு எழுதினது? அவளா, நீங்களா?"

'நான்' என்ற ஒரே சொல்… சொல்லியிருந்தால் என் பற்கள் இரண்டு போயிருக்கும். விலா எலும்பு ஒன்று முறிந்திருக்கும். அவ்வளவுதானே!

"அவதான்… பிறகு எழுதி அனுப்பினவ" என்றேன்.

பிடியை விட்டான். "மன்னிச்சுக்குங்க மாஸ்டர்" என்று என் சட்டையை நீவிக்கூட விட்டான். அவன் எங்கே போகிறான், எதற்குப் போகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுடைய இடக்கையை அம்மியில் வைத்துக் குழவியால் மூன்று முறை இடித்தான். வலக்கை முறிந்தபின் அவள் எழுதப் பழகிய கை அது. "நான் எழுதல, நான் எழுதல" என்று அவள் கதற, "மாஸ்டரே சொன்னாரு" என்று சொல்லிச் சொல்லி இடித்தானாம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னது இது. பொலிஸாரிடம் செல்வமணி, குழவி தவறி விழுந்தது என்றே சொல்லியிருந்தாளாம்.

கட்டிலருகே போய் நின்றேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடியே பேசினாள்.

"லயத்துப் பொம்பளைங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன், அழுதாங்க. அவருக்கு வாசிச்சுக் காட்டினேன், சிரிச்சாரு. அப்பிடித்தானுங்க மாஸ்டர் எழுதியிருந்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சொல்லாமல் விட்டது குறையல்ல! கதையின் உயிரே அங்கேதான் இருந்தது. அவளுக்கு இருந்த ஒரே காவலும் அதுதான். அறிந்தவர்கள் அறிந்துகொள்வார்கள், அடிப்பவன் அறியமாட்டான். தமிழ் கற்பித்த எனக்கு இது தெரியவில்லையே…

"அந்த வரி…" என்று தொடங்கினேன்.

அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா மாஸ்டர்?" என்றாள்.

எல்லாம் தெரிந்துதான் கேட்டாள். வரியும் பொய்யும் எவருடையவை என்று அவளுக்கா தெரியாது! திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"ஓம், சாப்பிட்டனான்" என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. போய்ப் பார்க்கத் துணியவில்லை என்பதே உண்மை. இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்… சொல்லி என்ன! கேட்கவேண்டியவள் நீங்கள் அல்லவே.