இரைச்சல் போகாத ஆம்ப்ளிஃபயர்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு, விஜயநகரில் எங்கள் வீட்டில் நான் செய்த முதல் காரியம் ஆம்ப்ளிஃபயர் கட்டியது. கேட்பவர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளட்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னதுதான் காரணம். பேச வராதவர்களில் சிலருக்குப் பாட வருமாம். நன்றாகப் பழகிய பாட்டைப் போட்டு, கூடவே நாமும் பாடினால், வரிகளோடு வரிகளாகச் சொற்கள் கிளம்பி வரக்கூடும் என்றார். சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது, நாள் போகப் போகக் கஷ்டம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. காலையில் எழுந்ததிலிருந்து வாய் ஓயாதவள் அவள். இப்போது அவளிடமிருந்து வந்ததெல்லாம் ஒரு 'ம்' மட்டும். தண்ணீருக்கும் 'ம்', வலிக்கும் 'ம்'.

சமையல் செய்துகொண்டே அவள் முணுமுணுக்கும் பழைய சினிமாப் பாட்டு ஒன்றை என் போனில் போட்டேன். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ பாடுவதுபோல இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தம் சரியில்லை, அதனால்தான் என்று நானே முடிவுகட்டினேன். பாட்டே வேண்டாம் என்கிறாள் என்று நினைத்திருந்தால் அன்றைக்கே இடிந்துபோயிருப்பேன்.

எனக்குப் பாட வராது, சால்டரிங் வரும். கார் பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப்ளிஃபயர்களை எத்தனையோ கட்டியிருக்கிறேன். ஐந்து கால் உள்ள ஒரு ஐ.சி., கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கண்டென்சர், அவ்வளவுதான், பாட்டு வந்துவிடும். இந்தத் தடவை சும்மா வந்தால் போதாது. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்க வேண்டும். தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவந்து, பிளஸ், மைனஸ் என்று இரண்டு பக்கமும் கரன்ட் கொடுக்கும் சர்க்யூட்டாகக் கட்டினேன்.

பேட்டரி ஆம்ப்ளிஃபயரில் ஐ.சி.யின் முதுகுத் தகடு எர்த்தோடு சேர்ந்தது. அதை நேராக இரும்புப் பெட்டியில் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடலாம், சூடும் இறங்கிவிடும். இரண்டு பக்கக் கரன்ட்டில் அதே தகடு மைனஸோடு சேர்ந்தது. நடுவில் கரன்ட் கடத்தாத மைக்கா துண்டு வைக்காமல் பெட்டியைத் தொடவிடக் கூடாது. எனக்குத் தெரியாத விஷயமா? எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. பழகின பழக்கத்தில் நேராக முடுக்கிவிட்டேன். ஸ்விட்சைப் போட்டதும் படார் என்றது. வீடு முழுக்கக் கரிந்த நாற்றம். அவள் கட்டிலில் கிடந்தபடி 'ம், ம்' என்று அழுதாள்.

கொள்ளேகாலத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த மச்சினி ஓடிவந்தாள். "ஏனுங்க மாமா, அக்காளே பயந்து கெடக்குறா. சித்த நேரம் பக்கத்துல உக்காந்து நீங்களே பாடுங்க. அந்தப் பொட்டிய அப்பறம் பாத்துக்கலாமுங்க."

"என் குரலைக் கேட்டா இருக்கற 'ம்'மும் போயிரும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

புது ஐ.சி. வாங்கி, மைக்கா வைத்து, மறுபடி கட்டினேன். பாட்டு வந்தது. கூடவே 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சலும் வந்தது. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் அது மட்டும் நிற்கவில்லை. எர்த் ஒயர்களையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்தேன், திருப்பி வைத்தேன். குறைந்தது, போகவில்லை. தெருவில் எல்லோரும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள், வந்தார்கள். நான் பெட்டியைத் திறந்தேன், மூடினேன். அந்த இரைச்சல் ஒழிந்தால் அவள் பேசிவிடுவாள் என்று எப்படியோ எனக்குள் ஊறிவிட்டது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் விட முடியவில்லை. பயிற்சிப் பெண் வரும்போதெல்லாம், பாடினீர்களா என்று கேட்பார். இன்னும் ரெடியாகவில்லை என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இனி என்னால் ஆகாது என்று கைவிட்டேன். இரைச்சலோடேயே ஸ்பீக்கரை அவள் கட்டிலுக்கு எதிரில் வைத்துப் பாட்டைப் போட்டேன். பல்லவி போயிற்று, சரணம் போயிற்று. அவள் உதடு அசையவில்லை. வேறு வழியில்லாமல் நானும் வாயைத் திறந்தேன். சுருதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாட்டு முடிந்ததும் முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் போட்டேன். "ஒரு வரி சொல்லு, ஒரே ஒரு வரி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

அவள் இடது கையை உதறி விடுவித்துக்கொண்டாள்.

"ஸாக்குரீ!"

இந்த ஊர்க் கன்னடம். போதும் விடுங்க என்று அர்த்தம். எங்களுக்குள் எப்போதும் தமிழ்தான். என்மேல் பொறுமை தீர்ந்தால் மட்டும் கன்னடத்துக்குத் தாவுவாள். பாட்டைச் சொன்னாளா, இரைச்சலைச் சொன்னாளா, என் குரலைச் சொன்னாளா, தெரியாது. மச்சினி கரண்டியோடு ஓடிவந்து வாசற்படியில் நின்றாள். நான் பதறிப்போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். இரைச்சலும் நின்றது.

"இன்னொருக்கா சொல்லு" என்றேன்.

"ம்" என்றாள். பழையபடி அந்த 'ம்' மட்டும்தான். எவ்வளவு கெஞ்சியும் வேறெதுவும் வரவில்லை.

மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். அதே பாட்டு, அதே இரைச்சல். அவள் முகத்தில் கோபம் ஏறத் தொடங்கியது. நான் வால்யூமைக் கூட்டினேன்.