திருப்பி அளக்காத பன்னிரண்டு

அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் அந்தக் கூடத்தில் அவளுக்குப் பெயர் 'ரெண்டுதரம்'. எதையும் ஒருதரம் மட்டும் அளந்து அவள் கையெழுத்துப் போட மாட்டாள். மின்சாரத்தை ஒரு திசையில் விட்டு ஒருதரம், திருப்பி விட்டு இன்னொருதரம்.

"எங்கிட்ட கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டதே ரெண்டு தடவைங்க. ரெண்டாவது தடவை அந்தப் பக்கமா வந்து நின்னு கேட்டா" என்பார் கணவர். அந்தக் கிண்டலில் பெருமைதான் அதிகம்.

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. செம்பும் பித்தளையும் சேரும் இடங்களில் ஒன்று லேசாகச் சூடானால் போதும், அழையா விருந்தாளியாகத் துளி மின்னழுத்தம் வந்து உட்கார்ந்துவிடும். மீட்டர் பாவம், அதையும் சேர்த்தே காட்டும். மின்சாரத்தைத் திருப்பினால் உண்மையான அளவு திரும்பும். விருந்தாளி அசைய மாட்டார். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்கினால் ஆள் காலி! இணைப்பை முடுக்கிய பிறகு விரல்சூடு ஆறும்வரை கால் மணி நேரம் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். எந்தக் கொம்பன் வந்து அவசரப்படுத்தினாலும் நடக்காது.

ஆனால் யானைக்கும் அடி சறுக்குமே. ஒரு தொழிற்சாலையிலிருந்து நாற்பது ஷண்ட்கள் வந்தன. இரண்டு பித்தளைக் கட்டைகளுக்கு நடுவே ஒரு தகடு, அவ்வளவுதான். பெரிய மின்சாரத்தை அளக்க உதவுவது. வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பன்னிரண்டை மட்டும் ஒரே திசையில் அளந்துவிட்டாள். மீட்டரின் செம்புக் கம்பி முனைகளைச் சேர்த்து ஜீரோ பார்த்தாயிற்றே என்று ஒரு தைரியம். அங்கே சேர்ந்தது செம்பும் செம்பும். பித்தளை அந்த ஜீரோவில் இல்லவே இல்லை. மாலை வெயில் மேசையின் ஒரு ஓரத்தில் விழுந்து, அந்தப் பக்கத்துக் கட்டையை மட்டும் சூடாக்கியதையும் அவள் பார்க்கவில்லை. பன்னிரண்டிலும் அளவு தவறு என்று எழுதிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து, அவற்றைச் செய்த பற்றவைப்புக்காரர் அந்தப் பன்னிரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர்.

"வர்ற திங்கட்கிழமையிலேருந்து வர வேணாம்னுட்டாங்கம்மா. நான் சண்டை போட வரல. எங்க தப்புப் பண்ணேன்னு மட்டும் காட்டு. அடுத்த இடத்துல அதைப் பண்ணாம இருப்பேன்."

அவள் பன்னிரண்டையும் திரும்ப மாட்டினாள். ஆறவிட்டாள். திருப்பித் திருப்பி அளந்தாள். எல்லாமே சரியாக இருந்தன.

விஷயம் தெரிந்ததும் கூடத்தின் மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் நமக்கு லைசென்ஸ் சோதனை இருக்கு. அவர் சரிபண்ணிக் கொண்டுவந்தார்னு எழுதிடேன். அவருக்கும் வேலை கிடைக்கும், உனக்கும் பிரச்சினை இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார்!

"அவர் எதையும் சரிபண்ணல சார். தப்பே பண்ணாதவர் எதைச் சரிபண்ணுவார்?" என்றாள். 'நான் திருப்பி அளக்கவில்லை. பிழை என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேலாளர் கோபத்தில் அவளுடைய கையெழுத்து உரிமையை மூன்று மாதத்துக்கு நிறுத்தினார். அவள் பற்றவைப்புக்காரரோடு பஸ் ஏறித் தொழிற்சாலைக்கே போனாள்.

முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு முறைத்தார். "அப்போ உங்க பேப்பரை இனிமே எப்படிம்மா நம்புறது?"

"நம்பாதீங்க. இந்தப் பன்னிரண்டையும் வேற கூடத்துல அளந்து பாருங்க. அதுவரைக்கும் இவரை அனுப்பாதீங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

இப்படி ஒரு துணிச்சலை நான் அதிகம் பார்த்ததில்லை. முதலாளியும் பார்த்ததில்லை போலிருக்கிறது; ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் பதில் வந்தது. பன்னிரண்டும் சரி. கேட்டதும் அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினாள். பற்றவைப்புக்காரர் தொழிற்சாலைப் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள்.

அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"முப்பது வருஷமா சோறு போட்ட கைம்மா. அந்தப் பேப்பர் வந்ததுலேருந்து ஒரு டம்ளர் தண்ணி எடுக்கக்கூட இதை நம்பல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தார்.