பியானோ பெஞ்சில் வலது பக்கம்

பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளை வாயைத் திறக்காது, தலையைத் திருப்பாது, குறுக்கே ஓடாது. ஒலிப்பதிவு நடக்கிற வீட்டில் இருப்பதற்கு அதைவிடத் தகுதியான பிள்ளை உலகத்தில் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நான் அப்படித்தான் இருந்தேன். இரண்டு தாடையும் வீங்கி முகம் பூசணிக்காய் மாதிரி. வீக்கத்துக்குக் கழுத்தில் தங்கம் போடுவதெல்லாம் மூடநம்பிக்கை என்று அப்பா ஒரு குட்டிப் பிரசங்கம் செய்தார். செய்துவிட்டு, அம்மாவின் சங்கிலியை வாங்கி அவரே என் கழுத்தில் மாட்டிவிட்டு ஆராதனைக்குப் போனார்.

ஒலிப்பதிவு சின்ன அத்தையுடையது. அப்பாவின் கடைசித் தங்கை. இன்றைக்கு அத்தை வாசிக்கிறாள் என்றால் தூர தேசத்து மண்டபங்களில் டிக்கெட் மிஞ்சுவதில்லை. அன்றைக்கு அவள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நாசரேத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் ஒரு சின்னக் கம்பெனி, தனியாக வாசித்துப் பதிந்து அனுப்பு, இசைத்தட்டாகப் போடுகிறோம், கச்சேரிக்கும் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தது. அந்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அத்தை ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தோடு கிடக்க வேண்டியதுதான்.

அந்தத் ‘தனியாக’தான் முட்டியது. அத்தை அதுவரை தனியாக வாசித்ததே இல்லை. பெரிய அத்தையும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாலு கையால் வாசிப்பார்கள். வலது பக்கம் பெரியவள். மேல் ஸ்தாயிக் கட்டைகள் அவளுக்கு. இடது பக்கம் சின்னவள். பெரிய அத்தை மூச்சை இழுத்து லேசாகத் தலையை அசைப்பாள், அப்புறம்தான் வாசிப்பு கிளம்பும். கலியாண வீடுகளில் கேலி செய்வார்கள், “பெரியவ ரயிலு எஞ்சினு, சின்னவ கடைசி கார்டு பெட்டி” என்று. சின்ன அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

முந்தைய வருஷ மழையில் வந்த காய்ச்சலில் பெரிய அத்தை இறந்துபோனாள். அதன் பிறகும் சின்ன அத்தை பெஞ்சின் இடது பாதியிலேதான் உட்கார்ந்தாள். வலது பாதி காலியாகக் கிடக்கும். நான் ஒரு தடவை அதில் பொம்மையை வைத்தேன். எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து பார்த்தாளாம். அருமையான பியானோ, ஆனால் கை எழும்பவில்லையாம். வீட்டுப் பியானோவிலாவது வருகிறதா பார்ப்போம் என்று பதிவுக்காரர் மிஷின்களோடு தூத்துக்குடிக்கு வந்துவிட்டார். எங்கள் தெருவில் துறைமுகத்து லாரிகள் ஓயாது. ஞாயிறு காலையில் மட்டும்தான் கொஞ்சம் அடங்கும். ஆகவே தெருவே கோயிலுக்குப் போன நேரத்தில் எங்கள் வீட்டு ஜன்னல்களில் மெத்தைகளைச் சாத்தினார்கள். காற்றாடி நிறுத்தப்பட்டது. குக்கர் விசிலடிக்கக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு.

இன்னொன்றையும் அணைத்தார்கள். கடல் காற்று பியானோவுக்கு ஆகாது. கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊறும். அதனால் உள்ளே வலது ஓரத்தில் ஒரு பல்பு இரவும் பகலும் எரியும். அந்த மஞ்சள் வெளிச்சம் பலகை இடுக்கு வழியாகத் தரையில் விழுந்து கிடக்கும். பெட்டிக்குள் யாரோ விளக்கேற்றி வைத்துக்கொண்டு குடியிருப்பது போலத்தான் எனக்கு எப்போதும் தோன்றும். பல்பு ரீங்கரிக்கிறது என்று பதிவுக்காரர் அதை அணைக்கச் சொன்னார். பெரிய அத்தை செத்த அன்றுகூட எரிந்த பல்பு அது.

அறை இருண்டது. நான் வாசல் பக்கம் நாற்காலியில். பதிவுக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிஷின் முன்னால். அத்தை மெதுவான ஒன்றை ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் பதிவுக்காரர் கையைத் தூக்கினார்.

“மேடம், ஏதோ டிக்கு டிக்குன்னு கேக்குது. நகத்தால கட்டைய தட்ற மாதிரி.”

“நான் தட்டல.”

“உங்க பக்கம் இல்ல மேடம். அந்தப் பக்கம்.”

அவர் காட்டியது வலது ஓரத்தை.

மறுபடி வாசித்தாள். இப்போது எனக்கே கேட்டது. ஓசை அடங்கி மௌனம் வருகிற இடமாகப் பார்த்து, டிக். சற்றுப் பொறுத்து, டிக் டிக். நம் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறவர்கள் விரலால் தட்டுவார்களே, அப்படி. திரும்பவும் நிறுத்தினார்கள், திரும்பவும் ஆரம்பித்தார்கள். பதிவுக்காரர் பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். எலிகூட இல்லை. சாயங்காலம் அவருக்கு ரயில். வேர்த்துப்போய், “இத வெச்சு அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க மேடம்” என்றார்.

அத்தை காலிப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள், “யக்கா, சும்மா இரி.”

சாதாரணமாகச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் சொல்வது போல.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “யாருட்டளா பேசுத?”

“ஒண்ணுமில்ல மைனி. நீங்க போங்க.”

அம்மா போகவில்லை. பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். அந்த அமைதியில் மறுபடியும் ஒரு டிக்.

பல்பின் சூட்டில் இருந்த மரம் ஆறும்போது அப்படித்தான் சத்தம் போடும் என்று பிற்காலத்தில் பியானோ சரிசெய்கிறவர் ஒருவர் சொன்னார். படித்தவர், அனுபவஸ்தர். இருக்கலாம். நான் மறுக்கவில்லை.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏளா, இங்கன வா. எம்பக்கத்துல உக்காரு.”

எனக்கு எவ்வளவு பெருமை! பொம்மைக்குக் கிடைக்காத இடம். ஏறி உட்கார்ந்தேன்.

“நல்லா ஓரத்துக்குப் போ. எடம் விடாத.”

நகர்ந்தேன். அத்தையும் இடது பாதியை விட்டு என்னோடு சேர்ந்து நகர்ந்தாள். இடுப்பால் என்னைத் தள்ளினாள். நான்தான் ஓரத்துக்கே வந்துவிட்டேனே, அப்புறமும் தள்ளினாள்; என்னைவிடப் பாரமான எதையோ நகர்த்துகிறவள் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். அத்தை இப்போது நடுவில் இருந்தாள். எனக்குப் பாதி உடம்பு அந்தரத்தில்.

அவளே மூச்சை இழுத்து, அவளே தலையை அசைத்தாள்.

அவள் வாசித்த அவ்வளவு நேரமும் என் வலது கையோரம் ஒரு வெதுவெதுப்பு இருந்தது. கூட்டத்தில் ஒருவர் நம்மை ஒட்டி நின்றால் இருக்குமே, அது. திரும்பிப் பார்க்கலாம் என்றால் கழுத்து அசையாது. அத்தையின் கை என் முகத்துக்கு நேரே மேல் கட்டைகளுக்குப் போனது, வந்தது, போனது. ஒரு டிக்கூடக் கேட்கவில்லை. கடைசிக்கு முந்திய மௌனத்தில் அந்த வெதுவெதுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. காய்ச்சல் உடம்பு, நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும் என்றில்லை.

வாசிப்பு முடிந்ததும் பதிவுக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அத்தை என் காதருகே குனிந்து, “ஒனக்கு ஏதாவது தெரிஞ்சுதாளா?” என்று கேட்டாள். வீங்கிய வாயால் என்னத்தைச் சொல்ல? கண்ணைக் கொட்டினேன். “சரி, எறங்கு” என்றாள். மீதி எல்லாவற்றையும் நடுவில் உட்கார்ந்து தனியாகவே வாசித்து முடித்தாள்.

அந்த இசைத்தட்டுதான் அத்தையைத் தூக்கி நிறுத்தியது. நானோ அத்தைக்குத் துணையாக உட்கார்ந்தவள் என்று பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், புகுந்த வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் திருச்செந்தூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண், பிள்ளையோடு. ஆத்தூரில் வெற்றிலைக்கூடையோடு ஓர் அம்மா ஏறி, அந்தச் சீட்டோரம் வந்து நின்றாள். உடனே அந்தப் பெண் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கிச் சீட்டில் வைத்து, ஓரம்வரை நகர்த்தி, தானும் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். “இங்கன எடமில்லம்மா” என்றாள். பிள்ளை ஏதோ பெரிய ஆளாகிவிட்ட சந்தோஷத்தில் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தை என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை.

கூடைக்கார அம்மா கோபப்படவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையையே பார்த்தபடி நின்றாள். ஊர் வந்ததும் இறங்கிப் போய்விட்டாள்.

பெரிய அத்தை என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். அன்றைக்குக் கழுத்து மட்டும் திரும்பியிருந்தால், நான் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்திருப்பேன்.