நஜ்முன்னிஸாவின் அளவுக் கொப்பி

யாழ்ப்பாண நகரில் தையற்கடை வைத்திருக்கும் நஜ்முன்னிஸாவிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. ஆனால் பெண்களின் அளவு என்று வந்துவிட்டால் அந்த வாய் திறக்காது. பெயர்களும் இலக்கங்களும் ஒரு நீலக் கொப்பிக்குள் எழுதிக் கிடக்கும். அவளுடைய கணவன் றியாஸ்கூட அதைத் தொட முடியாது.

தொண்ணூறாம் ஆண்டு, யுத்த நேரத்தில், இயக்கத்தினர் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுத் துரத்தியபோது அவளுக்குப் பத்து வயது. புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, தையல் பழகி, யுத்தம் முடிந்தபின் பிடிவாதமாகத் திரும்பி வந்தாள். இந்த வருடம் குருநகர்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒன்பது பேர் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கப் போடும் வெள்ளைச் சட்டைகள் அவளிடம்தான் தைக்க வந்திருந்தன. கடை அந்தச் சட்டைகளை நம்பித்தான் இருந்தது.

அப்போதுதான் நிருஷன் வந்து சேர்ந்தான். யூடியூப் நடத்துகிறவன். சிறு கடைகளைப் பற்றி வீடியோ எடுக்கிறேன் என்றான். அவள் தேத்தண்ணி போட உள்ளே போன நேரம் பார்த்துக் கொப்பியைத் திறந்து படம் பிடித்துவிட்டான். இரண்டு நாளில் வீடியோ வந்தது. பயங்கரமான இசை, சிவப்பு அம்புக்குறி, 'முஸ்லிம் கடையில் தமிழ்ப் பெண்களின் இரகசியப் பட்டியல்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் செய்த வேலை இது.

ஐம்பதாயிரம் பேர் பார்த்தார்கள். சட்டைக்குத் துணி தந்த தாய்மார் ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் புத்தளத்துக்கே வரச்சொல்லி அவளுடைய தம்பி தொலைபேசியில் கெஞ்சினான்.

"ஒருக்காப் போனது காணும். இனிப் போகமாட்டன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மறுநாள் வழக்கத்தைவிட அரை மணித்தியாலம் முந்திக் கடையைத் திறந்தாள்.

கடைசியாகத் துணியைத் திருப்பிக் கேட்டு வந்த தாய் அற்புதராணி. நஜ்முன்னிஸா துணியை எடுக்கவில்லை. வீடியோவைப் போட்டு, கொப்பி தெரிகிற இடத்தில் நிறுத்தி, அவள் முன்னால் நீட்டினாள்.

"உங்கடை பேரும் இதிலை கிடக்கு. பக்கத்திலை நாப்பது எண்டு போட்டிருக்கு. அது என்னெண்டு சொல்லட்டோ?"

அற்புதராணி குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். முகம் சிவந்துபோனது.

"ஐயோ, அது என்ரை நெஞ்சளவெல்லே?"

அதற்குக் கீழே இராசமலர் என்று இன்னொரு பெயர் இருந்தது. நிருஷனின் தாய். தாயின் அளவையும் சேர்த்துத்தான் அவன் ஊருக்கெல்லாம் காட்டியிருந்தான். அற்புதராணி துணியை அங்கேயே விட்டுவிட்டு நேரே இராசமலரின் வீட்டுக்குப் போனாள்.

பின்னேரம் இராசமலர் மகனைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள். வீடியோவை உடனே அழித்துவிடுகிறேன் என்று அவன் முணுமுணுத்தான். அழித்தால் பார்த்த ஐம்பதாயிரம் பேரும் மறந்துவிடுவார்களா என்று நஜ்முன்னிஸா கேட்டாள். அப்படியென்றால் முஸ்லிம் ஆட்கள் நல்லவர்கள் என்று அவளே இரண்டு வார்த்தை சொல்லட்டும், அதையும் போடுகிறேன் என்றான்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"நாங்கள் நல்லாக்கள் எண்டு நான் ஏன் தம்பி சொல்லவேணும்? நான் என்ன களவெடுத்தனானோ? பொய் சொன்னது நீ. அது பொய்யெண்டு நீயே இருந்து கதை."

இராசமலர் மகனின் கையிலிருந்த போனைப் பறித்து, வீடியோ எடுக்க அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். நஜ்முன்னிஸா கொப்பியைப் பூட்டி வைத்துவிட்டு, அற்புதராணியின் வெள்ளைத் துணியை மெசினில் கொடுத்து மிதிக்கத் தொடங்கினாள். நிருஷன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான்.

"கேக்கேல்லை. பலமாய்க் கதை," என்றாள், மிதிக்கிற காலை நிறுத்தாமல்.