பெரியம்மாவின் நாற்காலி

அந்த நீல பிளாஸ்டிக் நாற்காலி இன்னும் என் வீட்டு பால்கனியில்தான் கிடக்கிறது. பின்னங்கால் ஒன்று வளைந்துவிட்டது, உட்கார்ந்தால் ஆடும். தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு. நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

மயிலாப்பூரில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் பெரியம்மா தனியாக இருந்தாள். எனக்கு சென்னையில் வேலை கிடைத்ததும் அவளோடு தங்கிக்கொண்டேன். பால், கீரை, பூ எல்லாம் கயிறு கட்டிய கூடையில் மேலே ஏறி வந்துவிடும். டிவி முன்னால் உட்கார்ந்தால் மகாராணி எழுந்திருக்க மாட்டாள். உடம்பு போட்டது, சர்க்கரையும் வந்தது. ஒரு நாள் காலையில் மூச்சுத் திணறி அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் படி வளைவில் திரும்பவில்லை. இந்த நாற்காலியில் உட்கார வைத்து, பழைய புடவையால் கட்டி, நான்கு பேராகச் சேர்ந்து இறக்கினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நழுவிய முந்தானையை இழுத்துவிட அவளுக்குக் கை வரவில்லை, கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிழைத்து வந்ததும் என்னிடம் சொன்னாள்: "செத்தாலும் சரிடி, இன்னொரு தரம் என்னை அந்த நாற்காலியில இறக்கக் கூடாது."

"உடம்பு குறைய நடக்கணும். ஆனா ஒரேயடியா ஆரம்பிக்காதீங்க, வீட்டுக்குள்ளேயே நடமாடுங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கலாம்" என்றார் டாக்டர். ஃபோன் வந்தால் நடந்துகொண்டே பேசினாள். துணியைத் தானே உலர்த்தினாள். பிறகு படிக்கட்டு. முதலில் வளைவு வரைக்கும், சில வாரம் கழித்து முதல் மாடி வரைக்கும். இளைப்பாற நான் நாற்காலியை வளைவில் கொண்டுபோய் வைப்பேன். பிடிவாதக்காரி, உட்காரவே மாட்டாள். அதன் முதுகைப் பிடித்து முழு பாரத்தையும் போட்டு நின்று மூச்சு வாங்குவாள். கால் வளைந்தது அப்படித்தான். கூடைக் கயிற்றை ஒரு நாள் அவளே அவிழ்த்துவிட்டாள்.

அப்புறம்தான் அந்தக் கிருத்திகை விரதம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கே உரிய புத்திசாலித்தனம்: சாப்பாடு கிடையாது, ஆனால் மருந்து விரதத்தில் சேராதாம். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறாள். முதல் மாடியில் கால் துவண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு நான் ஓடி இறங்கினேன். கை ஐஸாக இருந்தது, ரவிக்கை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, நாக்கு குழறியது. முதல் மாடி வீட்டு மாமா, "நாற்காலியை எடும்மா, இறக்கிடலாம்" என்று பதறினார். நான் அவர் சமையலறைக்குள் ஓடி சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்தேன். விரதமென்று வாயை இறுக்கிக்கொண்டாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"குடிக்கலேன்னா நாற்காலிதான் பெரியம்மா."

வாயைத் திறந்தாள்.

வேர்வை அடங்கி, இட்லி உள்ளே போன பிறகு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே மாடி ஏறினாள். அதற்குப் பிறகு பல வருஷம் கீரைக்கும் பூவுக்கும் அவளேதான் இறங்கினாள்.

போன வருஷம் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே போய்விட்டாள். அமரர் ஊர்திக்காரர்கள் படியை எட்டிப் பார்த்தார்கள். "ஸ்ட்ரெச்சர் திரும்பாதும்மா. ஒரு சேர் இருந்தா குடு" என்றார் ஒருவர். நாற்காலி கூடத்திலேயே இருந்தது. அதைத் தூக்கி உள்ளறையில் வைத்துப் பூட்டினேன்.

"கையிலேயே தூக்குங்க" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே ஜமுக்காளத்தில் தூக்கினார்கள். "இன்னாம்மா, வெயிட்டே இல்ல" என்றார் அவர். முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டு, நான் பின்னாலேயே இறங்கினேன்.